ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால்: ஒரு பயிற்சி நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி இன்று தொடங்கியது. வகுப்பில் கேட்பதையும் களத்தில் பார்ப்பதையும் தேதி போட்டு இங்கே எழுதி வைக்கப் போகிறேன். இந்த வேலையில் யார் என்ன செய்கிறார்கள் என்பது வெளியே பலருக்கும் தெரிவதில்லை. வண்டி வரும், ஆளை ஏற்றும், போகும் என்ற அளவில்தான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன்.

ஆம்புலன்ஸ்களில் நீல நிறத்தில் ஆறு கைகள் கொண்ட நட்சத்திரம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பாம்பு சுற்றிய கோல் இருக்கும். 1970-களில் அமெரிக்காவில் உருவான சின்னம் அது. ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை உண்டு: ஆபத்தைக் கண்டுகொள்வது, தகவல் சொல்வது, விரைந்து வருவது, இருக்கும் இடத்திலேயே கவனிப்பது, வழியில் கவனிப்பது, மருத்துவமனையில் ஒப்படைப்பது. இதில் முதல் இரண்டும் வண்டி கிளம்புவதற்கு முன்பே நடக்க வேண்டியவை. அவற்றைச் செய்வது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சாதாரண மனிதர்.

அப்புறம் ஆட்கள். முதலில் வந்து சேருபவர் போலீஸ்காரராகவோ தீயணைப்பு வீரராகவோ தன்னார்வலராகவோ இருக்கலாம். ரத்தப்போக்கை நிறுத்துவது, மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது, இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தியும் வாயில் மூச்சு ஊதியும் உதவும் சி.பி.ஆர். கொடுப்பது இவை அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்தவர் இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர். நான் படிப்பது அதற்குத்தான். நாடித்துடிப்பு, பி.பி. பார்ப்பது, ஆக்சிஜன் கொடுப்பது, எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டுவது, அவசரப் பிரசவம் பார்ப்பது, குறிப்பிட்ட சில மருந்துகள் கொடுப்பது வரை அவர் எல்லை. அதற்கு மேலே பாராமெடிக். ஈ.சி.ஜி. படித்துப் புரிந்துகொள்வார், நரம்பில் ஊசி ஏற்றுவார், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவார், பலவகை மருந்துகள் கொடுப்பார். பெயர்களும் படிப்புக் காலமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் கடுமையான கேஸ் என்றால் டாக்டரே களத்துக்கு வருகிறார்.

டாக்டர் வராத இடங்களிலும் இவர்கள் தன்னிச்சையாகச் செயல்படுவதில்லை. எந்த நிலைமையில் என்ன செய்யலாம் என்று ஒரு டாக்டரின் பொறுப்பில் முன்கூட்டியே எழுதி வைத்த நெறிமுறை இருக்கும். அதைத் தாண்ட வேண்டியிருந்தால் போன் போட்டுக் கேட்க வேண்டும். இந்த எல்லை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மருந்தைக் கொடுக்கக் கற்றுத்தரும்போதே எப்போது கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

இன்று முழுவதும் கட்டுப்பாட்டு அறை பற்றி. அவசர அழைப்புக்கென்றே ஓர் எண் என்ற ஏற்பாடு 1937-ல் லண்டனில் 999 என்று தொடங்கியது. அமெரிக்காவின் 911 வந்தது 1968-ல்தான். எண் எதுவானாலும் அழைப்பை எடுப்பவர் முதலில் கேட்பது இடம். 'என்ன ஆச்சு' என்பதைவிட 'எங்கே இருக்கிறீர்கள்' முந்திக்கொள்கிறது. லைன் துண்டித்துப்போனாலும் இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பிவிடலாம்.

பயிற்சிக்காக ஓர் உரையாடலை இருவர் நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண், கணவர் விழுந்துவிட்டார் என்று பதறுகிறார்.

"அம்மா, கூப்பிட்டா பதில் சொல்றாரா?"

"இல்லைங்க, கண்ணே திறக்கலை."

"மூச்சு சாதாரணமா விடறாரா?"

"விடறாருங்க… குறட்டை விடற மாதிரி."

"சரிம்மா. ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் 'இப்போ'ன்னு சொல்லுங்க."

"இப்போ."

அப்புறம் நீண்ட மௌனம். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அடுத்த 'இப்போ' வரவே இல்லை.

இதயம் நின்றுபோன முதல் சில நிமிடங்களில் இப்படிக் குறட்டை மாதிரியோ விக்கல் மாதிரியோ திணறல் வருவது உண்டு. அது மூச்சே இல்லை. ஆனால் பார்க்கிறவர்கள் 'மூச்சு இருக்கிறது' என்று நம்பிக் கைகட்டி நின்றுவிடுகிறார்கள். போனில் இருப்பவர் அதைப் பிடித்துவிட்டால் உடனே மார்பை அழுத்தச் சொல்கிறார். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல் வேகமாக அழுத்துங்கள், நான் எண்ணுகிறேன், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள் என்று வண்டி வரும்வரை கூடவே இருக்கிறார். எனக்கு இந்த வேலையின் மீது பெரிய மரியாதை வந்துவிட்டது. நோயாளியைக் கண்ணால் பார்க்காமல், தொடாமல், வேறொருவர் கைகளால் சிகிச்சை செய்கிறவர் அவர்.

மார்ச் 8, சனி

சி.பி.ஆர். பயிற்சி. தோள்பட்டை விண்விண் என்று வலிக்கிறது.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். எண்கள் வாயில் நிற்கின்றன, கையில் நிற்க நாளாகும். பொம்மையின் உள்ளே ஒரு கருவி இருக்கிறது, ஆழம் போதாவிட்டால் திரையில் காட்டிவிடும். எங்களில் பலர் ஆழமாக அழுத்தினோம், ஆனால் கையை முழுவதும் தளர்த்தவில்லை. மார்பு மேலே எழும்பும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிறையும். பாதி எழும்பவிட்டு மறுபடி அழுத்தினால் வெளியே தள்ளுவதற்கு ரத்தம் இருக்காது.

நிறுத்தக் கூடாது என்று அடித்துச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தொடர்ந்து அழுத்த அழுத்தத்தான் இதயத் தசைக்கும் மூளைக்கும் ரத்தம் போகிற அளவுக்கு உள்ளழுத்தம் மெல்ல ஏறுகிறது. கையை எடுத்த உடனே அது விழுந்துவிடும், திரும்ப ஏற்ற மறுபடி பல அழுத்தங்கள் தேவை. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறோம். களைத்த கை தன்னை அறியாமலே ஆழத்தைக் குறைத்துவிடும்.

மார்பில் ஒட்டி மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் ஏ.இ.டி. கருவி நின்றுபோன இதயத்தை 'ஸ்டார்ட்' செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஷாக் கொடுப்பது ஒழுங்கில்லாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு. ஒரு நொடி எல்லாவற்றையும் அடக்கி, இதயம் தன் இயல்பான தாளத்தை மறுபடி பிடிக்க வழி விடுகிறது. அசைவே இல்லாத இதயத்துக்குக் கருவி ஷாக் கொடுக்காது, தொடர்ந்து அழுத்தச் சொல்லும். சி.பி.ஆர்., ஷாக் இரண்டும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எவ்வளவு வேகமான வண்டியானாலும் வந்து சேரச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியை நிரப்ப அங்கே நிற்பவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

மார்ச் 12, புதன்

இடப் பாதுகாப்பு. வண்டியிலிருந்து இறங்கும் முன் கையுறை, இறங்கியதும் நாலு பக்கமும் ஒரு பார்வை. அறுந்த மின்கம்பி, கசியும் எரிபொருள், வேகமாக வரும் வாகனங்கள், கோபத்தில் இருக்கும் கூட்டம். மூடிய குழிக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால் உடனே இறங்கவே கூடாது. அவரை மயக்கிய காற்றுதான் இறங்குகிறவரையும் மயக்கும். உதவப் போனவர் அடுத்தடுத்து விழுந்த விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. கேட்கவே மனம் பதறுகிறது, ஆனாலும் காற்றைச் சோதித்து மூச்சுக் கருவியோடு இறங்கும் மீட்புக் குழுவுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

லீவு. வரலாறு படித்தேன்.

நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் தொமினிக் லாரே. 1790-களில், போர் முடிந்த பிறகு காயம்பட்டவர்களைத் தேடும் வழக்கத்தை மாற்றி, போர் நடக்கும்போதே விரைவாக ஓடும் குதிரை வண்டிகளை அனுப்பினார். பதவி பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்து முதலில் யாரைக் கவனிப்பது என்று முடிவு செய்தார்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆம்புலன்ஸ் என்பது ஆளைத் தூக்கிப் போகும் வண்டியாகவே இருந்தது. 1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டில் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை இறுதிச்சடங்கு நடத்துபவர்களே கவனித்து வந்தார்கள் என்று அதில் இருக்கிறது. படுத்த நிலையில் ஆளை ஏற்றிப்போகும் நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அதே 1966-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ஃபிராங்க் பான்ட்ரிஜ் என்ற டாக்டர் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை வண்டியில் ஏற்றி, மாரடைப்பு வந்தவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனார். கார் பேட்டரியில் ஓடிய முதல் கருவியின் எடை சுமார் 70 கிலோ. இன்றைய ஏ.இ.டி.யை ஒரு கையில் தூக்கலாம்.

என் மனதில் நின்றது பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ். 1967-ல் தொடங்கியது. வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின மக்களைத் தேர்ந்து, பீட்டர் சேஃபர் என்ற மயக்கவியல் டாக்டர் வகுத்த கடுமையான பயிற்சியைக் கொடுத்தார்கள். இன்று பாராமெடிக் செய்யும் பல வேலைகளை அமெரிக்கத் தெருக்களில் முதலில் செய்து காட்டியவர்களில் அவர்கள் இருந்தார்கள். பின்னாளில் அங்கே மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலின்தான் அந்நாட்டுப் பாராமெடிக் பாடத்திட்டத்தை உருவாக்கினார். 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி இதை மூடிவிட்டது. புதிய சேவையில் அந்த முன்னோடிகள் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். நான் நாளை வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பாடத்துக்கு வேர் அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்க வேண்டும்.

மார்ச் 22, சனி

களப்பயிற்சி. நான் மூன்றாவது ஆளாக, பார்த்துக் கற்றுக்கொள்ள.

ஷிஃப்ட் தொடங்கியதும் வண்டியைச் சோதிப்பது முதல் வேலை. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து மானியைப் பார்த்தோம். சளி உறிஞ்சும் கருவியை ஓடவிட்டு, குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்து இழுவை இருக்கிறதா என்று பார்த்தோம். ஓசை மட்டும் வந்து இழுவை இல்லாத கருவியும் உண்டாம்.

மதியத்துக்கு மேல் ஓர் அழைப்பு. பெரியவர் ஒருவருக்கு வாய் கோணி, பேச்சு குழறியது. நோயாளியின் அடையாளம் தெரியும் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. சீனியர் குனிந்து, "ஐயா, கொஞ்சம் சிரிங்க. ரெண்டு கையையும் நேரா நீட்டிப் பிடிங்க," என்றார். வலது கை மெல்லக் கீழே இறங்கியது. உடனே விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார். சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். அது சரியாக இருந்தது.

அடுத்து மகனிடம் திரும்பி, "தம்பி, அப்பா கடைசியா நல்லா இருந்ததை நீங்க எப்போ பார்த்தீங்க?" என்றார். மகன், "இப்பத்தான் சார், அரை மணி நேரம்," என்றார். "அது நீங்க இந்த நிலையில பார்த்த நேரம். அதுக்கு முன்னாடி நல்லாப் பேசிட்டு இருந்தது எப்போ?" மகன் யோசித்து, ஒரு போன் கால் ஞாபகம் வந்து, மொபைலை எடுத்து நேரத்தைக் காட்டினார். அரை மணி என்றது ஒன்றரை மணி நேரமாக மாறியது.

இந்த ஒரு கேள்வியில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. கையில் ஆஸ்பிரின் இருந்தும் கொடுக்கவில்லை. மாரடைப்பு என்று சந்தேகித்தால் கொடுப்பார்கள். பக்கவாதத்தில் அடைப்பா, மூளைக்குள் ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுதல் செய்யும். விழுங்குவதும் சிரமமாக இருக்கலாம் என்பதால் தண்ணீரும் கிடையாது. பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு வழியிலேயே தகவல் சொன்னார்கள். இறங்கும்போது ஸ்கேன் அறை தயாராக இருந்தது.

சீனியர் கையில் இருந்தவை எல்லாம் எளிய கருவிகள்தான். சரியான கேள்வியும் சரியான இடத்துக்குப் போனதும்தான் அந்த மனிதருக்குக் கிடைத்த சிகிச்சை.

மார்ச் 28, வெள்ளி

பலர் ஒரே நேரத்தில் காயம்பட்டால் என்ன செய்வது என்று ஒத்திகை. மாணவர்களே காயம்பட்டவர்களாகப் படுத்திருந்தார்கள். "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் அந்த மரத்துக்கிட்ட வாங்க!" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். எழுந்து வருபவர்களுக்குப் பச்சை அட்டை. சத்தமாக அழுகிறவர்களிடம் ஓடத்தான் கால் போகிறது, ஆனால் சத்தமே இல்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

ஒவ்வொருவரிடமும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேலா, மணிக்கட்டில் நாடி இருக்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா. ஒன்று தவறினாலும் சிவப்பு, உடனே கவனிக்க வேண்டியவர். எல்லாம் சரி, ஆனால் நடக்க முடியவில்லை என்றால் மஞ்சள், கொஞ்சம் காத்திருக்கலாம். மூச்சே இல்லை என்றால் மூச்சுப்பாதையைத் திறந்து பார்க்கிறோம். அப்போதும் வராவிட்டால் கறுப்பு அட்டை வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர வேண்டும். காயம்பட்டவர் ஒரே ஆள் என்றால் சி.பி.ஆர். தொடங்கியிருப்போம். அந்த அட்டையை வைக்கும்போது கீழே படுத்திருந்தது என் வகுப்புத் தோழி என்று தெரிந்தும் கை தயங்கியது. அது சரியான முடிவுதான், இருந்தாலும் மனசுக்கு அதை ஏற்க நேரம் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒப்படைக்கும் பயிற்சி. மருத்துவமனையில் நர்ஸிடமும் டாக்டரிடமும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும்: வயது, நேரம், என்ன நடந்தது, என்ன காயம், நாடி, பி.பி., மூச்சு எப்படி இருந்து எப்படி மாறியது, நாங்கள் என்ன செய்தோம். காலில் ரத்தம் நிற்க டூர்னிகே என்கிற இறுக்குப்பட்டை போட்டிருந்தால், போட்ட நேரத்தை எழுதியே ஆக வேண்டும். எவ்வளவு நேரம் அந்தக் காலுக்கு ரத்தம் போகவில்லை என்று அறுவை மருத்துவர் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

பயிற்சித் தாள்களில் பெரும்பாலும் காலியாக இருந்த கட்டம் ஒன்று: நோயாளி தினமும் சாப்பிடும் மருந்துகள். வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை, 'பி.பி. மாத்திரை, வெள்ளை கலர்' என்பார்கள். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்பது சிகிச்சையையே மாற்றிவிடும். பயிற்றுநர் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் செய்தேன். அப்பா அம்மா இருவரின் மருந்துப் பெயர், அளவு, ஒவ்வாமை, பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மேலே தேதி போட்டு, மருந்து டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். மருந்து மாறினால் தாளையும் மாற்ற வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒன்று எழுதி வையுங்கள்.