மூன்றாம் பால்

பாளையங்கோட்டை வீட்டில் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு வைக்கும் நாளில் ஆச்சி முன்னால் மூன்று பாத்திரம் வரிசையாக இருக்கும். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால். ஏழு வயதில் எனக்குக் கிடைத்த வேலை மூன்றாம் பால் பிழிவது. இரண்டு தடவை பிழிந்த சக்கையில் இன்னும் என்ன இருக்கும்? ஆச்சி விடமாட்டாள். "ஏல, இன்னும் இருக்கு, அழுத்திப் பிழி."

எங்கள் ஊர்ப் பக்கம் சைவக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாடு என்றாலே சொதிதான். கூடவே இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால் அது கட்டாயம்.

மூன்றாம் பாலில்தான் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் வேகும். என் கையால் பிழிந்த பாலில் காய் வேகிறது என்பதே அந்த வயதில் எனக்குப் பெரிய விஷயம். அடுப்படியை விட்டு நகரமாட்டேன். காய் வெந்ததும் இரண்டாம் பால், வேகவைத்த பாசிப்பருப்பு, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது. கடைசியாக முதல் பால். அப்போது ஆச்சி யாரோடும் பேசமாட்டாள். கரண்டியை மெதுவாகச் சுற்றிக்கொண்டு ஓரத்தையே பார்ப்பாள். வெள்ளை நுரை கூடி, நடுவில் லேசாக அசையும். ஒரு கொதி வந்தால்கூடத் திரிந்துவிடும். சட்டென்று இறக்குவாள். சூடு தணிந்த பிறகுதான் எலுமிச்சம்பழம்.

பன்னிரண்டு வயதில் இரண்டாம் பாலுக்கு உயர்ந்தேன். முதல் பாலை மட்டும் ஆச்சி என்னிடம் தரவே இல்லை.

வேலைக்குச் சென்னை வந்த புதிதில், அறை நண்பர்களுக்காக முதல்முறை தனியாகச் சொதி வைத்தேன். திரிந்துபோனது. அழாத குறையாக ஆச்சிக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. ஒரே கேள்விதான்: "இறக்கினதும் மூடி வச்சியோ?" ஆமாம், வைத்திருந்தேன். உள்ளே அடங்கிய சூட்டிலேயே பால் கெட்டுவிடும் என்றாள். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும், இறக்கிய பாத்திரம் திறந்தே இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே இரண்டு தேங்காய் வாங்கி வந்து மறுபடி வைத்தேன். அப்புறம் நிறுத்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சமையல் இன்றுவரை என்னுடையது.

ஆச்சி இப்போது இல்லை. போன வாரம் என் மகள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று சக்கையைப் பிழிந்தாள். "போதுமாப்பா?" என்றாள். கையில் வாங்கி அழுத்திப் பார்த்தேன். இன்னும் இருந்தது.