38 வயதில் வெளிநாட்டு எம்பிஏ: கல்லூரிகளை வடிகட்டிய விதம்

எம்பிஏ படிப்பது என்று முடிவெடுத்தபோது எனக்கு 38 வயது. சப்ளை செயின் வேலையில் நீண்ட அனுபவம், அளவான சேமிப்பு, என் சம்பளத்தை நம்பி மனைவியும் பையனும். தரவரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து விண்ணப்பம் போடுவது 26 வயதுக்காரர்களுக்குச் சரிப்படலாம். எனக்கு வேறு சல்லடை தேவைப்பட்டது.

முதல் சல்லடை, படிப்பின் காலம். எல்லோரும் கட்டணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த வயதில் வேலையை விட்டுவிட்டு இருக்கும் மாதங்களின் சம்பளமும் அதற்குச் சமமான செலவுதான். இரண்டையும் கூட்டியதும் இரண்டு வருடப் படிப்புகள் மொத்தமாகக் கழிந்தன. பாதி ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை. பிரான்ஸில் 10 மாத இன்சியாட், சுவிட்சர்லாந்தில் ஐஎம்டி, பிரிட்டனில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, ஜெர்மனியில் சில கல்லூரிகள் மிஞ்சின. எம்ஐடி ஸ்லோன் ஃபெல்லோஸ், ஸ்டான்ஃபோர்டு எம்எஸ்எக்ஸ் இரண்டும் அனுபவசாலிகளுக்கென்றே உள்ள ஒரு வருடப் படிப்புகள். வகுப்பில் நம் வயதுக்காரர்கள் இருப்பார்கள் என்ற ஆசை இருந்தது, ஆனால் கட்டணம் என் கைக்கு எட்டவில்லை.

அடுத்தது குடும்பம். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் எம்பிஏ போன்ற படிப்புக்குப் போகிறவர்கள் துணையையும் பிள்ளைகளையும் டிபெண்டன்ட் விசாவில் அழைத்துப்போக முடியாது. கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்ஃபோர்டும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. சுவிட்சர்லாந்தில் படித்து முடித்தபின் வேலை தேட 6 மாதம் தருகிறார்கள், ஜெர்மனியில் 18 மாதம். ஜெர்மனியிலும் வயதுக்கு ஒரு விதி உண்டு: 45 வயதைத் தாண்டியபின் முதல்முறையாக வேலை விசா கேட்டால், குறிப்பிட்ட அளவு சம்பளமோ ஓய்வூதிய ஏற்பாடோ காட்டவேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் அதிக நேரம் செலவிட்டது வேலைவாய்ப்பு அறிக்கைகளில்தான். ‘90 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் வேலை’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அடிக்குறிப்பைப் படித்தால், வேலை தேடியவர்களை மட்டுமே கணக்கில் எடுத்திருப்பார்கள். நூறு பேர் வகுப்பு என்று வையுங்கள். இருபது பேரைக் கம்பெனியே பணம் கட்டி அனுப்பியிருக்கிறது, பத்துப் பேர் சொந்தத் தொழில், பத்துப் பேர் தகவலே தரவில்லை. மிச்சம் அறுபது பேரில் 54 பேருக்கு வேலை கிடைத்தாலே அது 90 சதவீதம். வயது கூடிய வகுப்பில் கம்பெனி அனுப்பியவர்கள் அதிகம் இருக்கலாம் என்பதால் இதைப் பார்க்காமல் நகரக்கூடாது.

அதனால் ஒவ்வொரு அட்மிஷன் அலுவலகத்துக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: ‘போன வகுப்பில் 35 வயதைத் தாண்டிய, சொந்தக் காசில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள்?’ சிலர் பிரௌஷரை அனுப்பினார்கள், சிலரிடமிருந்து பதிலே இல்லை. ஒரு ஜெர்மன் கல்லூரி மட்டும் அப்படிப் படித்தவர்களிடம் நேரடியாகப் பேச ஏற்பாடு செய்தது. அவர்களில் ஒருவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் உதவியது. கேம்பஸுக்கு வரும் கன்சல்டிங் கம்பெனிகள் தன்னைப் போன்றவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்றார். தன் பழைய துறையிலேயே, முன்னாள் மாணவர்கள் வழியாக, ஒரு படி மேலான வேலையைப் பிடித்திருந்தார். எனக்கு வேண்டியதும் அதுதான். துறையையும் நாட்டையும் பதவியையும் ஒரே சமயத்தில் மாற்ற நினைத்தால் இந்த வயதில் ரொம்பக் கஷ்டம்.

நுழைவுத் தேர்வுக்கு, வழக்கமாக எழுதும் ஜிமேட்டோடு மல்லுக்கட்டவில்லை. அனுபவசாலிகளுக்கான எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட் தேர்வை ஏற்கிறீர்களா என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். 90 நிமிடம், 40 கேள்விகள், வேலை பார்த்துக்கொண்டே தயாராக முடிந்தது. விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்கு கேட்டேன். அறிமுகக் கூட்டங்களில் கலந்துகொண்டதற்காகச் சில கல்லூரிகள் தள்ளுபடி செய்தன. பெரிய அமெரிக்கக் கல்லூரிகளில் விண்ணப்பக் கட்டணம் 200 டாலரைத் தாண்டும், ஆகவே கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஜெர்மனியில் சீட் கிடைத்தபின் ஸ்காலர்ஷிப்பைக் கூட்டித் தரச் சொல்லி மறுபடி எழுதினேன். இன்னொரு கல்லூரி தர முன்வந்த தொகையையும், எவ்வளவு குறைந்தால் நான் சேரமுடியும் என்பதையும் சொல்லி, கணக்கை அப்படியே வைத்தேன். கேட்டது முழுதும் வரவில்லை, ஆனால் கடன் வாங்காமல் சேரும் அளவுக்கு வந்தது.

ஜெர்மன் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட அளவு மட்டுமே எடுக்கமுடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்டவேண்டும். 2025-ல் நான் கட்டியது 11,904 யூரோ, குடும்பத்துக்குத் தனி. இதைக் கட்டணத்தோடு சேர்த்தே முதலில் ஒதுக்கிவையுங்கள். துணையை அழைத்துவர ஏ1 எனப்படும் ஆரம்ப நிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ் கேட்பார்கள். தேர்வுக்கு இடம் கிடைக்கத் தாமதமானதால் மனைவியும் பையனும் என்னோடு கிளம்ப முடியவில்லை, பிறகுதான் வந்தார்கள். அட்மிஷன் கடிதத்துக்குக் காத்திருக்காமல், விண்ணப்பம் போடும்போதே அந்தத் தேர்வுக்கும் பதிவு செய்துவிடுங்கள்.