பத்து மார்க் கேள்வியில் வராத ஆள்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பர்ட்' நாவலை இதுவரை எத்தனை முறை வகுப்பில் நடத்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்பது வருகிறது. அதில் முதல் மூன்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கைடில் இருந்ததை என் குரலில் சொன்னேன், அவ்வளவுதான். அட்டிகஸ் ஃபிஞ்ச் அறத்துணிவின் உருவம் என்று தொடங்கி எழுதினால் பத்து மார்க்கில் ஆறு உறுதி என்று நானே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது நான் கௌரவ விரிவுரையாளர். ஜூன் பிறந்தால் மறுபடி எடுப்பார்களா என்ற கவலை, சம்பளமோ இரண்டு மூன்று மாதம் சேர்ந்து வரும், இதற்கு நடுவில் கதை நடக்கும் 1930களின் அமெரிக்காவை, அதன் அலபாமா மாநிலத்தைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க யாருக்குப் பொழுது இருந்தது?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேகோம்ப் என்ற சின்ன ஊர். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி தன்னைப் பாலியல் வன்முறை செய்தான் என்று மயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண் குற்றம் சாட்டுகிறாள். அவனுக்காக வாதாடும் பொறுப்பை நீதிபதி டெய்லர் ஊர் வக்கீல் அட்டிகஸிடம் ஒப்படைக்கிறார். அவர் தானாகப் போய்க் கேட்டு வாங்கிய வழக்கு இல்லை இது. வந்ததை உதறாமல், ஒப்புக்கும் வாதாடாமல், உண்மையாகவே வாதாடினார் என்பதுதான் அவர் செய்தது. 1960இல் நாவல் வந்தது, அடுத்த வருடமே புலிட்சர் பரிசு. கதையைச் சொல்வது அட்டிகஸின் மகள், ஸ்கவுட் என்ற சிறுமி.

நாலாவது முறை நடத்தும்போதுதான் நீதிமன்றக் காட்சியை வகுப்பில் நடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நான் தயாரித்துக்கொண்டு போகவில்லை, நேரத்தை ஓட்ட வேண்டும். மயெல்லாவின் முகத்தில் காயமெல்லாம் வலது பக்கம். இரண்டு பையன்களை எதிரெதிரே நிற்கவைத்து ஒருவன் கையில் வருகைப் பதிவேட்டைச் சுருட்டிக் கொடுத்து, "எதிரில் நிற்கிறவனோட வலது கன்னத்தில் அடிக்கிற மாதிரி காட்டு" என்றேன். வலது கையால் வீசினான், இடது கன்னத்துக்குப் போனது. மறுபடி வீசினான், புறங்கையாலோ உடம்பைத் திருகியோதான் வலது கன்னத்தைத் தொட முடிந்தது. மூன்றாவது முறை பதிவேட்டை அவனாகவே இடது கைக்கு மாற்றிக்கொண்டான். வகுப்பு முழுக்க "ஓ..." என்றது. மயெல்லாவின் அப்பன் பாப் யூவெலை ஒரு கவரின் பின்பக்கம் கையெழுத்துப் போடச் சொல்லி, அவன் இடது கைக்காரன் என்பதை அட்டிகஸ் ஊரறியக் காட்டுவார். டாமின் இடது கையோ சிறு வயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போனது. சத்தியம் செய்ய பைபிள் மேல் வைத்தால்கூட நழுவி விழும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? "அப்புறம் எப்படி சார் தண்டிச்சாங்க?" என்று பதிவேட்டைக் கையில் வைத்திருந்த பையனே கேட்டான். கைடில் அதற்கு பதில் இருந்தது, ஒரு வார்த்தையில்: இனவெறி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்ப அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அதனால் டாம் செய்த 'தப்பை' எடுத்துக்கொண்டோம். யூவெல் வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் மயெல்லா கூப்பிட்டு ஏதாவது வேலை சொல்வாள், காசு வாங்காமல் செய்துகொடுத்திருக்கிறான். ஏன் என்று அரசு வழக்கறிஞர் கில்மர் குடைந்து கேட்க, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். அத்தோடு முடிந்தது வழக்கு. பிள்ளைகளுக்கு இது புரியவே இல்லை. நாம் நாளைக்கு நாற்பது தடவை 'ஐயோ பாவம்' சொல்கிறவர்கள், நாய்க்கும் சொல்வோம், அமைச்சருக்கும் சொல்வோம். கடைசி பெஞ்சிலிருந்து அதிகம் பேசாத ஒரு பையன் எழுந்து, "கீழ இருக்கிறவன் மேல இருக்கிறவங்களப் பார்த்துப் பாவம்னு சொல்லக் கூடாது சார்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. உனக்கு இது எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை. எந்தக் கைடிலும் அதைவிடத் தெளிவான உரையை நான் பார்த்ததில்லை.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பின மக்களை இழித்துச் சொல்லும் அந்த வார்த்தை நாவலில் நெடுக வரும், ஸ்கவுட்டே பேசுவாள், அட்டிகஸ் அவளைத் தடுப்பார். முதல் வருடம் நான் அதை எல்லா வார்த்தையையும் போல அப்படியே சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன். ஒரே வாரத்தில் வகுப்பில் நிறம் அதிகமாக இருந்த ஒரு பையனுக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது, கேன்டீனில் என் காதுபடவே கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு என்மேலதான்ப்பா" என்றேன். "பரவால்ல சார்" என்றான். அதற்குப் பிறகு எந்த வருடமும் அந்த வார்த்தையை வாய்விட்டு வாசிப்பதில்லை, ஏன் வாசிப்பதில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பையனுடைய வகுப்பில், அவனைக் கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த இடத்தில், நான் அதைச் சொல்லவில்லை. தனியாகத்தான் சொன்னேன்.

இந்தத் தனியாகச் சொல்வதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நாவலில் லிங்க் டீஸ் என்று ஒருவர் வருவார். பருத்தி வயலும் கடையும் வைத்திருக்கிற வெள்ளைக்காரர், டாமுக்கு முதலாளி. தேர்வில் அவரைப் பற்றி ஒரு மார்க் கேள்விகூட நான் பார்த்ததில்லை. வழக்கு வருவதற்கு முன் அட்டிகஸ் வீட்டு வாசலில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடுகிறார்கள், அந்தக் கூட்டத்தில் லிங்க் டீஸும் உண்டு. இதை ஏன் கையில் எடுத்தாய், உனக்கு இருப்பதெல்லாம் போய்விடும் என்று அட்டிகஸை எச்சரிக்கிறவரே அவர்தான். அதே ஆள் விசாரணையின் நடுவில், டாம் கூண்டில் நின்றுகொண்டிருக்கும்போது, பார்வையாளர் வரிசையிலிருந்து திடீரென்று எழுந்து, இவன் என்னிடம் எட்டு வருடம் வேலை பார்த்தவன், இவனால் எனக்குத் துளித் தொந்தரவும் வந்ததில்லை, எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள் என்று கத்துகிறார். நீதிபதி டெய்லருக்கு முகம் சிவந்துவிடுகிறது. சொல்வதாக இருந்தால் உரிய நேரத்தில் சத்தியம் செய்துவிட்டுச் சொல், இப்போது வெளியே போ என்று துரத்திவிட்டு, அவர் பேசியதைப் பதிவிலிருந்தும் நீக்கச் சொல்கிறார்.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ நடத்தும்போது ஒரு பெண் கேட்டாள். "உரிய நேரத்தில் சொல்லுன்னு ஜட்ஜ் சொல்றார். அந்த நேரம் எந்தப் பக்கத்தில் சார் வருது?" புரட்டிப் பார்த்தோம். வரவே இல்லை. அட்டிகஸ் கூப்பிட்ட ஒரே சாட்சி டாம்தான், லிங்க் டீஸை யாரும் கூண்டுக்கு அழைக்கவில்லை. சட்டப்படி அது செல்லாத பேச்சு, ஒழுங்கீனம்கூட, ஜூரியின், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கப்பட்ட ஊர்க்காரர்களின், முடிவில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களில் வக்கீலாகவோ சாட்சியாகவோ அழைக்கப்படாமல், தானாக எழுந்து டாமுக்காக வாய் திறந்தவர் அந்த ஒருவர்தான். அதையும் எழுத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் நிஜத்தில் நடந்ததைத் தேடிப் படித்தேன். 1931 மார்ச்சில், அதே அலபாமாவில், சரக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த 9 கறுப்பினப் பையன்கள் மேல் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைக் கெடுத்ததாக வழக்கு. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்பார்கள். கைதாகிச் சுமார் இரண்டு வாரத்திலேயே அதில் 8 பேருக்கு மரண தண்டனை சொல்லியாகிவிட்டது. உயர்மட்டம் வரை போய், 1932இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு முறையான வக்கீல் கொடுக்கப்படவில்லை என்று தண்டனையைத் தள்ளியது. 1935இல் மறுபடி, ஜூரியில் கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஒதுக்கியது செல்லாது என்றது. இடையில் 1933இல் நடந்த மறு விசாரணையில் அந்த இரு பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸே கூண்டேறி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். ஜூரி அதற்குப் பிறகும் மரண தண்டனைதான் கொடுத்தது!

அந்த விசாரணையின் நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன். பின்னாளில் அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அந்தப் பெண்களைச் சம்பவத்தன்று பரிசோதித்த மருத்துவர்களில் ஒருவர், இளைஞர், விசாரணையின் இடையில் நீதிபதியைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்கள் சொல்வது பொய் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் கூண்டில் ஏறிச் சொல்லுங்கள் என்று ஹார்ட்டன் சொல்ல, சொன்னால் நான் ஊருக்குத் திரும்பிப் போய்த் தொழில் பார்க்கவே முடியாது என்று கெஞ்சியிருக்கிறார். ஹார்ட்டன் அவரை வற்புறுத்தவில்லை. (அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று அந்த மருத்துவர் பிற்காலத்தில் மறுத்துவிட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஹார்ட்டன் என்ன செய்தார் என்றால், ஜூன் மாதம் ஜூரியின் தீர்ப்பையே ரத்து செய்து, சாட்சியம் நிற்கவில்லை என்று நீளமாக எழுதி நீதிமன்றத்தில் வாசித்தார். அங்கே நீதிபதியையும் தேர்தலில்தான் தேர்ந்தெடுப்பார்கள், 1934இல் தோற்றார். நீதிபதி பதவி அத்தோடு சரி.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் அந்த டாக்டரைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நான் கௌரவ விரிவுரையாளராக இருந்த கல்லூரியில், பெயர் வேண்டாம், எங்கள் துறைக்கு ஒரே ஒரு ப்ரொஜெக்டர். ஒருநாள் அதைக் காணோம். சாவி இருந்தது துறை உதவியாளரிடம், தினக்கூலி ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளே தீர்மானமாகிவிட்டது அவர்தான் எடுத்தார் என்று. ஆனால் முந்தின வாரம் துறைத்தலைவர் சொல்லித்தான் அது வேறொரு துறைக்குப் போனது, இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். தலைவருக்கு மறந்துபோச்சா, இல்லை ஒத்துக்கொள்ள மனமில்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. துறைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. பதினோரு பேர் இருந்தோம். எனக்கு நேர் எதிரே சுவரில் காலண்டர் தொங்கியது, மே மாதம். அடுத்த மாதம் என் பணி நீட்டிப்பு. காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பிடித்து, "நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்ணே" என்றேன். ரொம்ப ஆறுதலாகச் சொல்வதாக எனக்கு நினைப்பு. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு "சரிங்க சார்" என்று சைக்கிள் பூட்டைத் திறந்தார். அடுத்த வாரம் முதல் அவர் வரவில்லை. ஆகஸ்டில் இன்னொரு துறையின் பீரோவில் இருந்து ப்ரொஜெக்டர் வந்து சேர்ந்தது, பேசாமல் பழைய மேஜையில் வைத்துவிட்டார்கள்.

இதை டாம் ராபின்சனோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே போனது உயிர், சிறையிலிருந்து தப்பி ஓட முயன்றபோது அவன் உடம்பில் பாய்ந்தது 17 குண்டு. நான் ஒப்பிடுவது என்னை, அதுவும் லிங்க் டீஸோடு. அவர் ஒன்றும் மகாத்மா இல்லை. டாம் செத்த பிறகு அவன் மனைவி ஹெலனுக்கு, ஆள் தேவையே இல்லாவிட்டாலும், வேலை கொடுக்கிறார். யூவெல் குடும்பத்துக்குப் பயந்து அவள் தினமும் கிட்டத்தட்ட ஒரு மைல் சுற்றி நடந்து வருகிறாள் என்று தெரிந்ததும் கடையைச் சாத்திவிட்டு, தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு, அவளோடு நடந்து போய் யூவெல் வீட்டு வேலிக்கு முன்னால் நின்று கத்திவிட்டு வருகிறார். ஊர் கேட்கக் கத்துகிறார். அந்த ஒரு மைலைத்தான் நான் இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துகிறேன், பாடத்திட்டம் முடியாமல் திட்டு வாங்குகிறேன்.

2015இல் ஹார்ப்பர் லீயின் இன்னொரு நாவலான 'கோ செட் எ வாட்ச்மேன்' வெளிவந்து அதில் வயதான அட்டிகஸ் இனவெறியர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் படித்துவிட்டு என் சக ஆசிரியர் ஒருவர் ரொம்ப மனம் உடைந்துபோனார். எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. கூட்டங்களில் நல்ல மனிதர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் பேருந்து நிலையத்தில் அந்த அண்ணனைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, பேத்தியைக் கையில் பிடித்திருந்தார். அவர்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார், காசு கொடுக்க விடவில்லை. நான் இப்போது வேறு கல்லூரியில் நிரந்தரமாகிவிட்டதைச் சொன்னேன், சந்தோஷப்பட்டார். பழையதை எடுக்கலாமா வேண்டாமா என்று நான் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கடையைச் சுற்றி நல்ல கூட்டம்.

"அந்த ப்ரொஜெக்டர் ஓடுதா சார்?" என்றார் சிரித்துக்கொண்டே.

"பல்பு போய் ரொம்ப நாளாச்சுண்ணே" என்றேன்.

பேத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர்கள் பஸ் வந்துவிட்டது.