முகமாலை, 22ஆம் லேன்

செப்டெம்பர் 18

மிதிவெடி தேடும் என் லேனில் இன்றைக்கு எண்பது சென்ரிமீற்றர்தான் முன்னேறினேன். டிடெக்டரில் ஏழு சிக்னல். நாலு முள்ளுக்கம்பித் துண்டு, ரெண்டு சன்னக் கோது, ஒரு ஆணி. ஆணிக்கு மட்டும் அரை மணித்தியாலம். பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்க் கண்ணால் காணும்வரை ஆணியும் மிதிவெடிதான்.

செப்டெம்பர் 19

தேடி முடித்த இடத்தின் எல்லையில் கிடத்தும் அடித்தடிக்கு அந்தப் பக்கம் மணலில் வளைந்த கோடுகள். ஒன்றையொன்று தொடாமல், சரிந்து கிடக்கிற ஏணிப்படி மாதிரி. லீடர் அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, "சுருட்டைப் பாம்பு" என்றார். கோடு போய் முடிகிற இடம் பழைய பங்கர். 2000ஆம் ஆண்டு அடுக்கிய பனங்குற்றிகள் உக்கிப்போய்க் கிடக்கின்றன. என் லேன் நேரே அங்கேதான் போகிறது.

செப்டெம்பர் 20

கோடு இல்லை. நல்ல காற்று.

செப்டெம்பர் 24

கண்டுவிட்டேன். டிடெக்டரைக் கீழே வைத்து, புல்லு வெட்டக் கத்தரியை நீட்டும்போதுதான் அந்தச் சத்தம். காய்ந்த தாச்சியில் தண்ணீர் தெளித்த மாதிரி. ஒரு முழம்கூட இருக்காது. சுருண்டு, உடம்பை உடம்போடு தேய்த்துக்கொண்டு கிடந்தது. தலையில் கோழிக்கால் பதிந்த மாதிரி வெள்ளைக் குறி.

வீட்டு முற்றமென்றால் துள்ளிப் பாய்ந்திருப்பேன். இங்கே எங்கே பாய்வது? எனக்கென்று இருப்பது பின்னால் ஒரு மீற்றர் அகலம்தான். ரெண்டு பக்கமும் சிவப்புத் தடி. கால்கள் துள்ளப் பார்த்தன. வலது தொடையைக் கையால் அமத்திப் பிடித்தேன். முழங்காலிலேயே பின்னுக்கு வந்தேன், முகத்தை மூடிய வைசர் முழுக்க என் மூச்சு. பாம்போ அவசரப்படாமல் சிவப்புத் தடியைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. அதன் பாரத்துக்கு ஒன்றும் வெடிக்காது.

இந்த மிசினில் கோபம் வருகிறது. வெடிகளின் உடம்பு பிளாஸ்ரிக், உள்ளே உலோகம் கொஞ்சம்தான். அதற்காகவே இதன் காதைக் கூராக்கி வைத்திருக்கிறோம். ஆணிக்கும் அழுகிறது, துருவுக்கும் அழுகிறது. பாம்புக்கு வாய் திறக்காது.

செப்டெம்பர் 25

விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லாதே, பூச்சி என்று சொல் என்கிறா அம்மா. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்குவதாக நேர்ந்துவிட்டாவாம். சரி, பொங்கட்டும்.

ஒக்டோபர் 3

எனக்கில்லை. 23ஆம் லேன் தங்கச்சிக்கு. வேர் இழுக்கும்போது சுட்டுவிரலில். அவளும் துள்ளவில்லை. "அக்கா, கடிச்சுப்போட்டுது" என்று கத்தாமல் சொன்னாள். கையை மட்டையில் கட்டி, அசையவிடாமல் அம்புலன்ஸில் ஏற்றினோம். நான் கூடப் போனேன்.

அவளுடைய இரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் நிறுத்தி வைத்தார்கள். இருபது நிமிடம். உறைந்தால் நல்லது. சுவர் மணிக்கூட்டை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். தாதி குழாயைச் சரித்தா. தேத்தண்ணி மாதிரி வழிந்தது.

மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆறு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் குழாய்.

ஒக்டோபர் 4

உறைந்துவிட்டது!! விரல் மட்டும் வீங்கி வாழைப்பூ மாதிரி. "இந்த மாதச் சம்பளத்தில வெட்டுவினமோ அக்கா?" என்று கேட்கிறாள்.

ஒக்டோபர் 8

மழை. வேலை இல்லை. இரவு காலுக்குள் போர்வை சுருண்டு கிடந்ததற்கு எழும்பி லைற் போட்டேன். பிள்ளை சிரிக்கிறாள்.

ஒக்டோபர் 9

மழை.

ஒக்டோபர் 11

பங்கருக்கு இன்னும் நாற்பது சென்ரிமீற்றர். மேல் குற்றிக்கு அடியில் மண் புதிதாகச் சரிந்திருக்கிறது. பொந்துகளில் தண்ணீர் ஏறினால் எல்லாம் மேட்டுக்குத்தான் வரும் என்றார் லீடர் அண்ணா. நாளைக்குக் குற்றியில் கயிறு கட்டித் தூர நின்று இழுப்பதாகத் திட்டம். கயிறு கட்டுவது லேன்காரர். நான்தான்.