இடது கையில் நாவல்பழம்: நாணடி நின்ற கதை

வில் பழகும்போது நாண் கையில் அடிக்கும், அதுதான் நாணடி. முதலில் அந்த அடி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அம்பை விட்ட மறுநொடி, முழங்கைக்குச் சற்றுக் கீழே உள்பக்கச் சதையில், ஈரத்துண்டை முறுக்கி யாரோ சுண்டிவிட்ட மாதிரி சுளீரென்று விழும். ஒருமுறை பட்டால் சிவக்கும். அதே இடத்தில் நாலைந்து முறை பட்டால் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிடும்.

எனக்கு வைகாசி முழுக்க நாவல்பழம்தான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறிக் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் பக்கத்தில் நிற்கும் பெண்கள் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்காரர் நொந்துபோய் "தயவுசெஞ்சு முழுக்கை போட்டுட்டுப் போ, தெருவுல எல்லாரும் என்னையத்தான் ஒருமாதிரி பார்க்குறாங்க" என்றார். அம்மா கீழமாசி வீதி நாட்டு மருந்துக்கடையில் மூசாம்பரம் வாங்கி வந்து பத்துப் போட்டுவிட்டார். வீக்கம் வற்றியது, நானும் சனிக்கிழமை போய் அதே இடத்தில் மறுபடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வில் பழகும் இந்த ஆசை வந்ததே சித்திரைத் திருவிழாவில் திக்கு விஜயம் பார்த்துவிட்டு வந்த ஜோரில்தான். மீனாட்சி வில்லேந்தி எட்டுத் திக்கையும் ஜெயிக்கிறாள், நமக்கு 18 மீட்டரில் ஒரு சாக்கை அடிக்க முடியாதா என்று நினைத்தேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் உயரமான மண்கரை ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் பழைய துணி திணித்த சாக்கு மூட்டைகள்தான் இலக்கு. வில் 66 அங்குல ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வகை), இழுவிசை 24 பவுண்டு. சொல்லிக்கொடுப்பது மாவட்டப் போட்டிகளில் எய்யும் கல்லூரித் தம்பி ஒருவர்.

அப்புறம் இரண்டு வாரம் ஆர்ம் கார்டுக்குப் பின்னால், அதாவது முன்கையில் மாட்டும் காப்புக்குப் பின்னால், ஒளிந்துகொண்டேன். வலி நின்றது, அதனால் தப்பும் நின்றதாக நினைத்தேன். ஆனால் அடி விழும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு எங்கோ போனது, ஏனென்றால் நாண் கையில் உரசும்போது அம்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. சரி என்று அடிகளை ஒரு கோடு போட்ட நோட்டில் எண்ண ஆரம்பித்தேன். ஒரு சனிக்கிழமைக்கு 60 அம்பு. முதல் கணக்கு: 23 அடி.

தம்பி கார்டைக் கழற்றச் சொல்லி, வில் இல்லாமல் என் இடது கையை நீட்டச் சொன்னார். "அக்கா, உங்க முழங்கை நேராகி அதுக்கு மேலயும் வளையுது பாருங்க." உண்மைதான், எனக்குச் சின்ன வயதிலிருந்தே கை அப்படி. முழங்கையின் உட்குழி வானத்தைப் பார்த்தபடி இருந்தால் அந்தப் பக்கச் சதை புடைத்துக்கொண்டு நாணின் வழியில் போய் நிற்கிறது. நாணும் ஒன்றும் நூல் பிடித்த மாதிரி நேராக வருவதில்லை, விரலைவிட்டு நழுவும்போது சற்று வளைந்து நெளிந்துதான் முன்னே வருகிறது, ஆகவே அதற்கு இடம் விட்டாக வேண்டும்.

அதற்கான பயிற்சி கேட்கச் சுலபம், செய்ய எரிச்சல். கதவு நிலையில் உள்ளங்கையை ஊன்றி, கையை நீட்டி, உள்ளங்கையும் தோளும் அசையாமல் முழங்கையை மட்டும் திருப்ப வேண்டும், உட்குழி மேலே பார்ப்பதை விட்டு உள்பக்கமாகப் பார்க்கும் வரை. முதல் மூன்று நாள் முழங்கை திரும்பவே இல்லை, உள்ளங்கை திரும்பும், இல்லாவிட்டால் தோள் காதுக்கு ஏறிவிடும். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் ஏதோ பூட்டுத் திறந்த மாதிரி முழங்கை தனியாகச் சுழன்றது. அந்தச் சனிக்கிழமை 11 அடி.

அதற்குமேல் இறங்கவில்லை. மூன்று வாரம் 11, 9, 12 என்று அங்கேயே நின்றது. வில்லைத் தூக்கி எறியலாம் போல இருந்த நேரத்தில்தான் கையைச் சரியாகப் பார்த்தேன்: நாவல்பழம் இடம் மாறியிருந்தது! முன்பு முழங்கை அருகே, இப்போது மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி. ஒரே அடி என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது இரண்டு வேறு தப்புகளின் கணக்கு. அடிபட்ட இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

மணிக்கட்டுப் பக்க அடிக்குக் காரணமும் இரண்டு. ஒன்று பிடி. நான் வில்லைக் கடப்பாரை மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன். தம்பி சொன்னது, வில்லின் அழுத்தம் ஆயுள் ரேகையைத் தாண்டக்கூடாது, கட்டைவிரல் மேட்டில்தான் விழ வேண்டும், விரல் முட்டிகள் 45 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். (ஆயுள் ரேகைக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது ஜோசியருக்கே தெரியாது.) விட்டால் வில் கீழே விழுந்துவிடுமே என்ற பயம்தான் இறுக்கிப் பிடிக்க வைத்தது, அதற்கு ஷூ லேஸை விரல்களில் சுருக்குப் போட்டு வில்லை அணைத்தாற்போல் கட்டிக்கொண்டேன், பயம் போனது.

இன்னொன்று என் தப்பே இல்லை. நாண் ஏற்றி இழுக்காமல் வைத்திருக்கும்போது கைப்பிடியின் குழிவான இடத்துக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, அதாவது பிரேஸ் ஹைட், இந்த அளவு வில்லுக்கு 8 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். அளந்தால் 7 அங்குலம்கூட முழுசாக இல்லை. புது நாண் நாளாக நாளாக நீண்டிருக்கிறது, இடைவெளி குறையக் குறைய நாண் மணிக்கட்டுக்கு அவ்வளவு கிட்டே வந்து நிற்கிறது. நாணைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியிருந்த திசையிலேயே மேலும் முறுக்கி, மாட்டி, அளந்து, மறுபடி கழற்றி முறுக்கி, 8 அங்குலத்தைத் தாண்டும் வரை அரை மணி நேரம் ஆனது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் வேலை அளப்பது.

அடுத்த கணக்கு 4. அதற்கடுத்தது 3, மூன்றுமே நாற்பதாவது அம்புக்குப் பிறகு, களைப்பில் இடது தோள் மேலே ஏறியபோது. அதற்கு மருந்து பயிற்சி இல்லை, ஓய்வுதான். முப்பதாவது அம்போடு நிறுத்தி, ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு வந்து மீதியை எய்கிறேன்.

ஆடிக் கடைசிச் சனிக்கிழமை 60க்கு 1. அதுவும் கையில் படவில்லை, தொளதொள சுடிதார் கையில் பட்டது. கார்டை மறுபடி மாட்டியிருக்கிறேன், கழற்றும் தைரியம் இல்லை.

இப்போது புதுப் பஞ்சாயத்து ஜிமிக்கி. நாணை மோவாய் வரை இழுத்து விடும்போது இரண்டு முறை உரசிவிட்டது. கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்கிறார் தம்பி. "வெறுங்காதோட வெள்ளி செவ்வாய் எங்கயும் போகக்கூடாது" என்கிறார் அம்மா. நல்லவேளை, நான் போவது சனிக்கிழமை.