59-ஆம் எண்ணை மட்டும் பார்ப்பது

டிவியில் அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்து ஒரு லைன்பேக்கரை எடைபோடவே முடியாது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். லைன்பேக்கர் ஃபிரேமுக்குள் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும், ஒன்று ஆளைப் பிடித்திருப்பார், இல்லை தரையில் கிடப்பார். அதற்கு முந்தின ஓரிரு நொடியில் அவர் யாரைப் பார்த்தார், எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார் என்பது தெரியவே தெரியாது. 2012 சீசனில்தான் ‘ஆல்-22’ வீடியோவை, அதாவது மைதானத்தில் இருக்கும் 22 பேரும் தெரியும்படி எடுத்து, அதுவரை பயிற்சியாளர்கள் மட்டும் பார்த்துவந்த ஃபிலிமை, சந்தா கட்டும் ரசிகர்களுக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல் திறந்துவிட்டது. நான் அப்போது சார்லட்டில் வேலையில் இருந்தேன். ஊர் அணியான கரோலினா பேந்தர்ஸ் அந்த ஏப்ரலில் பாஸ்டன் காலேஜிலிருந்து லூக் கீக்லி என்ற லைன்பேக்கரை டிராஃப்டில் (காலேஜ் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) ஒன்பதாவது தேர்வாக எடுத்திருந்தது. அவர் சட்டை எண் 59. சரி, ஒரு ரூக்கியை, அதாவது முதல் வருஷ வீரரை, சீசன் முழுக்க ஃபிலிம் போட்டே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: டிஃபென்சில் முன்வரிசையில் நாலு தடியர்கள் குனிந்து நிற்பார்கள், அவர்களுக்கு நாலைந்து கெஜம் பின்னால் நிற்பவர்கள்தான் லைன்பேக்கர்கள். ஓட்டமா பாஸா என்று கண்டுபிடித்து இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

கீக்லி மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. காலேஜில் மூன்றே சீசனில் 532 டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்துச் சாய்த்தது அத்தனை முறை. இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், ஆனால் டேக்கிள் எண்ணிக்கை மாதிரி ஏமாற்றுகிற கணக்கு இந்த ஆட்டத்தில் வேறு இல்லை. எதிராளியை ஒரு கெஜத்தில் சாய்த்தாலும் ஒன்று, எட்டு கெஜம் ஓடவிட்டுப் பின்னாலிருந்து இழுத்துப் போட்டாலும் ஒன்றுதான். அதிலும் யாருக்கு முழுசு, யாருக்குப் பாதி என்பது ஸ்டேடியத்தில் உட்கார்ந்து குறிப்பவர்கள் கண்ணைப் பொறுத்த விஷயம்.

ஆல்-22வில் இரண்டு கோணம் உண்டு. ஒன்று பக்கவாட்டில் உயரத்திலிருந்து, இன்னொன்று மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட்சோனுக்குப் பின்னாலிருந்து. லைன்பேக்கருக்கு இரண்டாவதுதான் முக்கியம், முன்வரிசை ஆட்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, அதாவது கேப் எல்லாம் சாலை பிரிகிற மாதிரி நேராகத் தெரியும். அலுவலகத்தில் ஒருவர் ஹைஸ்கூல் டிஃபென்சுக்குப் பல வருஷம் பயிற்சி கொடுத்தவர், அவரிடம் கேட்டதற்கு, பந்தை மறந்துவிடு, உன் ஆள் எந்த கார்டைப் (எதிரணி முன்வரிசையில் நடுவாளுக்குப் பக்கத்தில் நின்று தடுப்பவர்) பார்க்கிறாரோ அந்த கார்டையும் உன் ஆளின் காலையும் மட்டும் பார் என்றார். சொல்லும்போது சுலபம். முதல் சில ஆட்டங்களில் கண் தானாகப் பந்துக்குப் போய்விடும், திரும்ப ரீவைண்ட் செய்ய வேண்டும், ஒரு ப்ளே ஆறு நொடி என்றால் அதைப் பார்த்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும்.

நோட்டில் நான் குறித்தது இவ்வளவுதான்: ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்து கிளம்புவதற்கு முன், எங்கே நிற்கிறார், யாரையாவது நகர்த்துகிறாரா, முதல் அடி முன்னாலா, பக்கவாட்டிலா, பின்னாலா, ஆளைப் பிடித்தால் ப்ளே தொடங்கிய கோட்டிலிருந்து எத்தனை கெஜத்தில், பிடிக்காவிட்டால் அப்போது எங்கே இருந்தார். கடைசி கட்டம்தான் ரொம்பப் பயன்பட்டது. டேக்கிள் செய்யாத ப்ளேதான் அதிகம், அதில்தான் ஆள் யாரென்று தெரியும்.

முதல் நாலு ஆட்டம் அவரை ‘வில்’ இடத்தில், அதாவது எதிரணி ஆள் குறைவாக நிறுத்தும் பலவீனப் பக்கத்தில் ஆட வைத்தார்கள். நடுவில் நின்றது ஜான் பீசன். மூன்றாவது வாரம் ஜயன்ட்ஸ் அணி சார்லட்டுக்கே வந்து பேந்தர்ஸை 36-7 என்று துவைத்தது, அவர்களின் ஆண்ட்ரே பிரவுன் 113 கெஜம் ஓடினார். ரூக்கியைப் படிக்க இந்த மாதிரி ஆட்டம் ரொம்ப வசதி, ஜெயிக்கிற ஆட்டத்தில் ஓட்டை மறைந்துவிடும். என் நோட்டில் அந்த வாரம் முழுக்க ஒரே புகார்தான்: படிப்பது சரி, போகிற திசை சரி, ஆனால் கார்டு வந்து மோதினால் கழற்றிக்கொண்டு வர முடியவில்லை. 242 பவுண்டு ஆள், 300க்கு மேல் இருக்கும் கார்டோடு ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது.

நாலாவது ஆட்டமான அட்லாண்டா ஆட்டத்துக்குப் பிறகு பீசன் காயத்தால் வெளியே போக, ஐந்தாவது வாரம் சியாட்டிலுக்கு எதிராக கீக்லி ‘மைக்’, அதாவது நடு லைன்பேக்கர் ஆனார். பயிற்சியாளரின் குரல் ஹெல்மெட்டில் கேட்பதும், அதைக் கேட்டு மற்றவர்களை நிறுத்துவதும் அந்த இடத்துக்காரரின் வேலை, ரூக்கிக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். சியாட்டில் மார்ஷான் லிஞ்ச் என்ற ஓட்டக்காரரை வைத்து அவுட்சைடு ஜோன் ஓட்டம் ஓடும் அணி. மொத்த முன்வரிசையும் ஒரே பக்கம் சாயும், லைன்பேக்கர் ஆசைப்பட்டு அதே வேகத்தில் ஓடினால் லிஞ்ச் ஒரு காலை ஊன்றி அவர் முதுகுக்குப் பின்னால் வெட்டிப் போய்விடுவார். இங்கேதான் எனக்கு ஆள் பிடிபட்டார். பந்துக்கு அரை அடி பின்னாலேயே, தோள் கோட்டுக்கு நேராக இருக்கும்படி நகர்ந்துகொண்டே போகிறார். அவசரமே இல்லை. பேந்தர்ஸ் 16-12 என்று தோற்றார்கள், ஆனால் அந்த ஃபிலிமை நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன்.

பாஸில் வேறு கதை. ப்ளே-ஆக்‌ஷனுக்கு (ஓட்டம் மாதிரி காட்டிவிட்டுப் பாஸ் எறிவது) எல்லா ரூக்கியும் ஏமாறுவார்கள், இவரும் ஏமாந்தார். அதைக் குறையாக எழுதுவதில் அர்த்தமில்லை என்று போகப்போகப் புரிந்தது, ஏமாந்தபின் எவ்வளவு சீக்கிரம் இடுப்பைத் திருப்பி ஆழம் போகிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது. டிசம்பர் ஃபிலிமில் அந்தத் தப்படி சின்னதாகிக்கொண்டே வந்தது.

ஒரு சிக்கலுக்கு மட்டும் வழியே இல்லை. டிஃபென்சுக்கு அந்த ப்ளேயில் என்ன உத்தரவு கொடுத்தார்கள் என்று வெளியில் இருக்கும் நமக்குத் தெரியாது. ஒரு கேப் திறந்து கிடந்தால் அது இவருடையதா, பக்கத்தில் நின்ற தாமஸ் டேவிசுடையதா? (டேவிஸ் ஒரே முழங்காலில் மூன்று முறை ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து அந்த வருஷம் திரும்பி வந்து ஆடியவர், அவரைப் பற்றியே தனியாக எழுதலாம்.) ப்ளே முடிந்ததும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரித்தால்தான் யாரோ வேலையை விட்டிருக்கிறார் என்று எழுது, மற்றபடி பழி போடாதே என்றார் அந்த அலுவலக நண்பர். இணையத்தில் ஃபிலிம் அலசுகிறேன் என்று இறங்குபவர்கள் பாதிப்பேர் இதை மட்டும் செய்வதில்லை.

கார்டு வந்து ஒட்டிக்கொள்வது பற்றிய அந்தப் புகார் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த ப்ளேக்களை மட்டும் தனியாக எடுத்து, இந்தமுறை கீக்லியை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் நிற்கும் இரண்டு டிஃபென்சிவ் டேக்கிள்களை, அதாவது முன்வரிசை நடுவில் நிற்கும் தடியர்களைப் பார்த்தேன். முன்னால் நிற்பவர் இரண்டு பேரைத் தாங்கினால் கார்டு அங்கேயே மாட்டிக்கொள்வார், லைன்பேக்கருக்கு வழி சுத்தம். தாங்காவிட்டால் கார்டு சும்மா நடந்துவந்து லைன்பேக்கர் மார்பில் கை வைக்கிறார். நான் கீக்லியின் பலவீனம் என்று எழுதியதில் பெரும் பகுதி இந்த இரண்டாவது வகை. ஓரத்தில் சார்லஸ் ஜான்சனும் கிரெக் ஹார்டியும் சேர்ந்து அந்த வருஷம் 23.5 சாக் (பாஸ் எறிபவரை எறியுமுன்பே சாய்ப்பது) எடுத்தார்கள், அதனால் டிவி பார்த்தவர்களுக்கு முன்வரிசை பிரமாதமாகத்தான் தெரிந்திருக்கும். நடுவில் ஆள் போதவில்லை.

சீசன் முடிவில் கீக்லிக்கு 164 டேக்கிள், லீகிலேயே அதிகம், சிறந்த டிஃபென்ஸ் ரூக்கி விருதும் கிடைத்தது. 2013 டிராஃப்டில் பேந்தர்ஸ் முதல் சுற்றில் ஸ்டார் லோட்டுலேலே, இரண்டாவது சுற்றில் கவான் ஷார்ட் என்று அடுத்தடுத்து இரண்டு டிஃபென்சிவ் டேக்கிள்களையே எடுத்தது. அந்த வருஷம் கீக்லியின் டேக்கிள் 156 ஆகக் குறைந்தது, லீகின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது அந்த வருஷம்தான் வந்தது. நான் நோட்டில் இன்னொரு கட்டம் சேர்த்துக்கொண்டேன்: கார்டு அவரிடம் வந்து சேர்ந்தாரா, வழியிலேயே நின்றாரா.