லயத்து வீட்டில் நேர்ந்த மரணத்தின் காரணம்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் வீட்டிலேயே இறந்துவிட்டால், "இருதயம் நின்றுவிட்டது" என்று பதிந்துவிடுவது எளிது. எந்த மரணத்திலும் இருதயம் நிற்கத்தானே செய்யும்! மருத்துவர் காணாத இத்தகைய மரணங்களுக்கென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வாய்மொழி மரண விசாரணையில், பயிற்சி பெற்ற ஒருவர், இறந்தவரைப் பராமரித்தவரிடம் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, படுத்தால் மூச்சுத்திணறல் கூடியதா, ஒரு பக்கக் கைகால் விழுந்ததா என்று வரிசையாகக் கேட்பார். விடைகளை மருத்துவரோ கணினி நிரலோ ஆராய்ந்து, பொருத்தமான காரணத்தைக் கணிக்கும். விபத்தும் பாம்புக்கடியும் இதில் தெளிவாகப் பிடிபடும்; காய்ச்சல்களைப் பிரித்தறிவது கடினம். என்னைக் கேட்டால், கொழும்பில் வேலை செய்யும் மகனைவிட, இரவெல்லாம் அருகிருந்து வெந்நீர் கொடுத்த மருமகளிடம் கேட்பதே சரி. நஞ்சருந்திய மரணமென்றால், அக்கம்பக்கத்தார் சூழ்ந்து நிற்கும் லயத்து வாசலில் அவரும் வாய் திறக்கமாட்டார். தனியே அழைத்துத்தான் கேட்க வேண்டும்.